ஒல்லித்தடியனுக்குக் கால்

பஸ் நிலையத்தில் நேரம் எழுதுகிறவனுக்கு இரண்டு வியாதி வரும். ஒன்று, சாப்பிட உட்கார்ந்தால்கூடக் கடிகாரத்தைப் பார்ப்பது. இன்னொன்று, எதையுமே படிக்காமல் காலம் தள்ளுவது. நான் பதினொரு வருடமாக ஒரு தகரக் கூண்டுக்குள் உட்கார்ந்து, வண்டி வந்த நேரம், கிளம்பிய நேரம், தாமதத்துக்குக் காரணம் என்று மூன்று கட்டத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். எந்த வண்டி வருகிறது என்று தலையைத் தூக்கிப் பார்க்க மாட்டேன். ஒன்று இருமிக்கொண்டே வரும். ஒன்றுக்குப் பின்கதவு ஆடும். ஒன்றின் ஓட்டுநர் முக்கு திரும்பும்போதே ஹாரனை அமுக்கிவிடுவார். காதால் கேட்டே எழுதிவிடுவேன். அது பெரிய திறமை என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. அந்த நினைப்பில் மண் விழுந்த கதைதான் இது.

நான் குடியிருந்தது ரம்பத்தின் வீட்டு மாடி அறையில். பலகையில் எழுத்து அறுக்கிறவன் என்பதால்தான் தனக்கு ரம்பம் என்று பெயர் வந்தது என்று அவன் நம்பிக்கொண்டிருந்தான். அவன் பேச்சை அரைமணி நேரம் கேட்டவர்களுக்கு உண்மைக் காரணம் தெரியும். முன்னால் பட்டறை, அதைத் தாண்டினால் படுக்கையறை, அதற்கும் பின்னால் சமையலறை என்று வீடு ரயில்பெட்டி மாதிரி நீளமாகக் கிடக்கும். எங்கே கை வைத்தாலும் மரத்தூள். நான் சாப்பிடுவதும் அங்கேதான் என்பதால் என் வயிற்றிலும் இந்நேரம் ஒரு பலகை அளவுக்குச் சேர்ந்திருக்கும்.

ரம்பம் அறுப்பான், அவன் மனைவி வரைவாள். அவளைத் தெருவில் எழுத்துக்காரி என்பார்கள். மூன்றாவது ஆள் ரம்பத்தின் அக்கா. தாய் தகப்பன் போன பிறகு தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அடுத்த தெருவில் தலையணை உறை தைக்கப் போவாள். வந்த பிறகு பட்டறையில் உட்கார்ந்து, அறுத்துப் போட்ட எழுத்துகளின் ஓரத்தை உப்புத்தாளால் தேய்ப்பாள். அவள் எல்லோருக்கும் அக்கா. என்னைவிட இரண்டு வயது இளையவளாக இருந்தாலும் நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

இந்தக் கதைக்கெல்லாம் காரணமான எழுத்து பிறந்ததே ஒரு வீம்பில்தான். எங்கள் பஸ் கம்பெனியின் நாற்பத்திரண்டு வண்டிக்கும் ஊர்ப்பலகை வேண்டும் என்று முதலாளி கேட்டார். வண்டியின் நெற்றியில் பாதியைக் கம்பெனிப் பெயரே அடைத்துக்கொண்டிருந்தது. மிச்சம் இருந்த இடம் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட. அதில் ‘சரக்குக் கிடங்கு’ என்று எழுதிப் பார்த்தால் சரக்கு உள்ளே இருந்தது, கிடங்கு வெளியே நின்றது. எழுத்துக்காரி எழுத்துகளை இரண்டு பக்கமும் பிடித்து நெருக்கினாள். நெருக்கினால் மெலிகிறது, மெலிந்தால் தூரத்துக்குத் தெரியவில்லை. சரி என்று தடிமனாக்கினாள். தடிமனாக்கினால் நடுவில் இருக்கும் சந்து அடைபடுகிறது. “நான் மரத்தையா வரையறேன், நடுவுல இருக்கிற சந்தத்தான் வரையறேன்” என்பாள். வளைவு வந்தால் ரம்பத்தின் ரம்பம் மக்கர் செய்யும், ஒட்டுப்பலகை பிளக்கும். அதனால் வளைவே கிடையாது, எங்கே திரும்பினாலும் மூலைதான் என்று முடிவு கட்டினாள்.

கட்டம் போட்ட தாளில் மூன்று வாரம் மாரடித்தாள். ட, ப, ம மூன்றும் பிறக்கும்போதே மூலையோடு பிறந்தவை, வாலாட்டாமல் உட்கார்ந்துவிட்டன. ‘இ’ அவளுக்குக் காய்ச்சலே வரவழைத்தது. ‘ண’வின் மூன்று சுழியையும் மூன்று ஜன்னலாக மாற்றியபோது தட்டில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய் வரைந்தாள். கடைசியில் முதல் வரிசை அறுத்துச் சுவரில் சாய்த்து வைத்தார்கள். நெருக்கமாக, கறுப்பாக, தோளோடு தோள் ஒட்டி நின்றன. அக்காவுக்கு அப்போது எழுதப் படிக்கத் தெரியாது. தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, “ஒல்லியாவும் இருக்கான், தடியனாவும் இருக்கான்” என்றாள். அன்றிலிருந்து அந்த எழுத்துக்கு ஒல்லித்தடியன் என்றே பெயர்.

தடியன்களைத் தேய்த்துத் தேய்த்துத்தான் அவளுக்கு ஆசை வந்திருக்க வேண்டும். நாற்பத்து மூன்று வயதில் மாலை வகுப்பில் போய்ச் சேர்ந்தாள். ஒரு வகுப்பைக்கூட விட்டதில்லை. இரண்டு வருடத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் படிக்க ஆரம்பித்தாள். தீப்பெட்டி, மருந்துச் சீட்டு, ரொட்டி சுற்றி வந்த காகிதம் எதையும் விடவில்லை. ஒருநாள் என் பதிவேட்டைத் தலைகீழாகப் பார்த்து, “பஞ்சர்னு எழுதியிருக்கீங்க, ‘ஞ்’சுக்குப் புள்ளி காணோம்” என்றாள். எனக்கு வெட்கமாகிவிட்டது.

இதற்கு நடுவில் தடியன் குடும்பத்தில் ஒருவன் மட்டும் தகராறு செய்துகொண்டிருந்தான். ‘ர’வுக்கு அடியில் சாய்வாக இறங்கும் ஒரு கால் உண்டு அல்லவா, அதுதான். பெயரிலேயே கால் வைத்திருக்கும் துணைக்காலுக்கு அந்தக் கால் கிடையாது, ‘ர’வுக்கு உண்டு. அதை வைத்துத்தான் இரண்டையும் பிரித்துப் படிக்கிறோம். ஒல்லித்தடியனில் அந்தக் கால் ஒரு குச்சி. அறுக்கும்போதே உடைந்தது. தப்பித்தது பலகையில் அறையும்போது உடைந்தது. அதிலும் தப்பித்தது வண்டி ஆட்டத்தில் விழுந்தது. இந்த ஒத்தைக் காலுக்காக எத்தனை பலகையைப் பாழாக்குவது என்று ரம்பம் ஒரு வாரம் அரற்றினான். எழுத்துக்காரி முடியாது, முடியாது என்று சொல்லிக்கொண்டே இருந்து, ஒருநாள் மத்தியானம் ரப்பரை எடுத்துத் தாளில் இருந்த காலை அழித்துவிட்டாள்.

“விடுங்க. படிக்கிறவங்களுக்குத் தெரியாதா என்ன” என்றாள்.

நானும் அங்கேதான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். தெரியும், தெரியும் என்று பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டினேன். அக்கா தையலுக்குப் போயிருந்தாள். அந்த வரிசையைத் தேய்த்ததும் அவள் இல்லை, வகுப்பில் பரீட்சை நடந்த வாரம் அது. ரம்பமே தேய்த்துவிட்டான்.

நாற்பத்திரண்டு வண்டியிலும் பலகை ஏறியது. ஊருக்கு ஒரேயடியாகப் பிடித்துப்போயிற்று. தண்ணீர் லாரி, கடைகளின் இரும்புக் கதவு, குத்துச்சண்டை நோட்டீஸ் எல்லாவற்றுக்கும் அதே எழுத்தைக் கேட்டு வந்தார்கள். ‘இங்கே சைக்கிள் நிறுத்தாதே’ என்று தடியனில் எழுதினால் ஒருவனும் நிறுத்த மாட்டான், பார்க்கும்போதே அடிக்க வருகிற மாதிரி இருக்கிறது என்று பேச்சு. ரம்பம் அதை என்னிடம் நாற்பது தடவை சொன்னான்.

மழைக்காலத்தில் ஒரு காலை. தூறல் விடாமல் பெய்துகொண்டிருந்தது. அக்கா நல்ல புடவை கட்டி, கையில் பையோடு நிலையத்துக்கு வந்தாள். என் கூண்டைப் பார்த்துச் சிரித்தாள். முன்னால் நின்ற வண்டியின் நெற்றியை நிதானமாகப் பார்த்தாள், உதடு அசைந்தது, ஏறிவிட்டாள். சரக்குக் கிடங்கு வண்டி. அங்கே ஏதோ ஜோலி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எங்கே என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் உருளைக்கிழங்கு சூப்பும் ரொட்டியும். அக்கா எல்லோருக்கும் ஊற்றிவிட்டு இரண்டு வரியில் விஷயத்தைச் சொன்னாள். ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற இடத்தில் ஆள் எடுக்கிறார்கள், மூட்டையில் இருக்கும் சீட்டைப் படித்துப் பிரித்து வைக்கிற வேலை. படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று போட்டிருந்தது, அதனாலேயே தன் கையால் எழுதிப் போட்டாளாம். பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். கிடைத்த பிறகு சொல்லலாம் என்று வாயைத் திறக்காமல் இருந்தாள். அந்த இடம் ஊருக்கு மேற்கே, சாக்குக் கிடங்குக்கு எதிரில். இவள் போய் இறங்கியது கிழக்கே, லாரிகள் நிற்கும் சரக்குக் கிடங்கில். கண்டக்டரிடம் “கிடங்கு ஒண்ணு” என்றிருக்கிறாள், அவரும் கிழித்துக் கொடுத்திருக்கிறார். இரண்டு வண்டியிலும் ஜனங்கள் கிடங்கு என்றுதான் கேட்பார்கள். திரும்பி வந்து, நடந்து, நனைந்து, அவள் போய்ச் சேர்ந்தபோது பதினொன்று நாற்பது. பஸ் மாறி ஏறிவிட்டேன் என்று சொன்னதற்கு அங்கிருந்த அதிகாரி, வேலைக்கு வருவதற்கு முன்பே சாக்கா என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டாராம்.

ரம்பம் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பானா. சாக்குக் கிடங்குக்குப் போகாமலே சாக்கு வாங்கிக்கொண்டு வந்துவிட்டாயே என்றான். நானும் சிரித்துத் தொலைத்தேன். அக்காவும் சிரித்தாள். எழுத்துக்காரி சிரிக்கவில்லை.

“போர்டுல என்னன்னு படிச்சீங்க அக்கா?”

“சாக்குக் கிடங்குன்னுதான் படிச்சேன். என் படிப்பு அவ்வளவுதான். வயசான காலத்துல படிச்சா அப்படித்தான் இருக்கும்.”

எழுத்துக்காரி கரண்டியைக் கீழே வைத்தாள்.

மறுநாளிலிருந்து அக்கா வகுப்புக்குப் போகவில்லை. நோட்டுகளைத் துணியில் கட்டிப் பரணில் போட்டுவிட்டாள். ரொட்டி சுற்றிய காகிதத்தைப் பார்க்காமலே கசக்கி எறிந்தாள். மூன்றாம் நாள் தபால்காரர் பட்டறை விலாசத்துக்கு ஒரு பதிவுத் தபால் கொண்டு வந்தார். கையெழுத்துப் போடச் சொல்லிப் பேனாவை நீட்டினார். அக்கா பட்டறைக்குள் போய், மை ஒற்றும் டப்பாவை எடுத்து வந்து, கட்டைவிரலை ஒற்றி, கைநாட்டு வைத்தாள். இரண்டு வருடமாகக் கையெழுத்துப் போட்டு வந்தவள். தபால்காரரே ஒரு நிமிடம் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எழுத்துக்காரி கையில் பென்சிலோடு அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அடுத்த நாள் காலையில் எழுத்துக்காரி என் கூண்டுக்கு வந்தாள். சரக்கு வண்டியும் சாக்கு வண்டியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

“அண்ணா, இதுல எது எந்த வண்டி?”

“இடது பக்கம் சரக்கு, வலது பக்கம் சாக்கு.”

“எப்படிச் சொல்றீங்க?”

“சரக்கு வண்டிக்கு முன்னால தகரம் நசுங்கியிருக்கும்ல.”

“தகரத்த விடுங்க. போர்டப் படிச்சுச் சொல்லுங்க.”

பதினொரு வருடத்தில் முதல்முறையாகத் தலையைத் தூக்கிப் படித்தேன். இடது பக்கம் பார்த்தேன், வலது பக்கம் பார்த்தேன், மறுபடி இடது பக்கம். ச, அதற்குப் பிறகு ஒரு கறுப்புத் தூண், அதற்குப் பிறகு க், கு. இரண்டிலும் அதேதான். மூக்குக்குக் கீழே இத்தனை நாள் இருந்திருக்கிறது. தினமும் போகிறவர்கள் யாரும் ஏமாறவில்லை, ஏனென்றால் யாருமே படிக்கவில்லை. தகரத்தைப் பார்த்தார்கள், ஓட்டுநர் முகத்தைப் பார்த்தார்கள், ஏறினார்கள். அந்த ஊரில் போர்டை எழுத்து எழுத்தாகப் படித்து ஏறியவள் அக்கா ஒருத்திதான்.

எழுத்துக்காரி என் கூண்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அன்று மத்தியானம் புருஷன் பெண்டாட்டிக்கு நடந்த சண்டை மாடிவரை கேட்டது. அக்காவிடம் சொல்லத்தான் வேண்டும் என்று இவள். இப்போது வேண்டாம், மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று அவன். விஷயம் வெளியில் போனால் முதலாளி நாற்பத்திரண்டு பலகையையும் பிடுங்கித் தெருவில் போடுவார், முன்கோபக்காரர், அதன் பிறகு தடியனை ஒருவரும் சீந்த மாட்டார்கள், உன் எழுத்தை நீயே குழியில் தள்ளுவாயா என்று அவன் கேட்டான். அதில் அவன் பயமும் இருந்தது, அவள்மேல் இருந்த கரிசனமும் இருந்தது. அதைக் குறை சொல்ல முடியாது.

“உங்கள வளர்த்த மனுஷி கைநாட்டு வெச்சாங்க. நான் பார்த்துட்டு நிக்கிறேன்” என்றாள் அவள்.

நான் சுடுதண்ணீர் வாங்கச் சமையலறைக்குப் போனபோது அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எழுத்துக்காரி உள்ளே வந்து இரண்டு மரத்துண்டுகளை அவள் முன்னால் வைத்தாள். ஒன்று ‘ர’, ஒன்று துணைக்கால். எது ‘ர’ என்று கேட்டாள்.

“எனக்கு எதுக்கும்மா அதெல்லாம். எடுத்துட்டுப் போ.”

“ஒரு தடவ பாருங்க அக்கா.”

அக்கா ஏறெடுத்துப் பார்க்கவில்லை. கையை மட்டும் நீட்டி ஒன்றை எடுத்து விரலால் ஓரத்தைத் தடவினாள். வைத்துவிட்டு மற்றதையும் தடவினாள். விரல் அடியில் போய் நின்று, எதையோ தேடியது.

“ரெண்டும் துணைக்கால்தான். நான் தேய்ச்ச ‘ர’வுக்குக் கால் இருந்துச்சே.”

“நான்தான் எடுத்துட்டேன்.”

“எதுக்கு?”

“உடைஞ்சுகிட்டே இருந்துச்சு. இடமும் பத்தல. படிக்கிறவங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்.”

“படிக்கிறவங்கன்னா யாரு?”

அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. நான் பாத்திரத்தோடு மரம் மாதிரி நின்றேன்.

“அப்போ அந்த போர்டுல சாக்குன்னுதான் இருந்துச்சா?”

“ஆமாக்கா.”

“அப்போ நான் சரியாத்தான் படிச்சிருக்கேன்.”

“நீங்க சரியாத்தான் படிச்சீங்க. நான்தான் தப்பா எழுதிட்டேன்.”

அக்கா கையிலிருந்த வெங்காயத்தைத் தட்டில் வைத்தாள்.

“இன்னொரு தடவ சொல்லு.”

எழுத்துக்காரி சொன்னாள். அக்கா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். வெங்காயம் என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு வசதியாக இருந்தது. ஆனால் அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். அக்காவுக்குக் கோபம் வந்தால் வீடு தாங்காது. இரண்டு நாள் எழுத்துக்காரியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தட்டை நகர்த்தி வைக்கிற சத்தத்திலேயே எல்லாம் தெரிந்தது. ரம்பம்கூட அந்த இரண்டு நாளும் பேச்சைக் குறைத்துக்கொண்டான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டறையில் மட்டும் ரம்பச் சத்தம் ஓயாமல் கேட்டது.

மூன்றாம் நாள் காலையில் என்னோடு கூடவே அக்காவும் கிளம்பினாள். பின்னால் எழுத்துக்காரி வந்தாள். அவளுக்கும் பின்னால் ரம்பம், ஒரு கையில் சுத்தியல், மறு கையில் துணிப்பை. நிலையத்தில் கூண்டு வாசலில் நின்று அக்கா கேட்டாள்.

“உங்ககிட்ட புகார்ப் புத்தகம்னு ஒண்ணு இருக்காமே?”

இருந்தது. சங்கிலியில் கட்டி, மேலே தூசி படிந்து, பதினொரு வருடமாக ஒருவரும் தொடாமல் இருந்தது. புகார் முதலாளியின் மேஜைக்குப் போகும் என்று நான் மெல்ல இழுத்தேன். அக்கா எழுத்துக்காரியைத் திரும்பிப் பார்த்தாள்.

“எழுதுங்க அக்கா. அதுக்குத்தான் நானும் வந்தேன்” என்றாள் அவள்.

அக்கா என் நாற்காலியில் உட்கார்ந்தாள். பென்சிலை எச்சில் தொட்டுக்கொண்டாள். அவள் எழுத எழுத வெளியில் வண்டிகள் உறுமிக்கொண்டிருந்தன, ஓட்டுநர்கள் நேரம் கேட்டார்கள். பொறுங்கள் என்று கையைக் காட்டினேன். ஒவ்வொரு எழுத்தாக, வாயால் சொல்லிக்கொண்டே எழுதினாள்.

‘இரண்டு வண்டியிலும் ஒரே எழுத்து இருக்கிறது. சரக்கில் ‘ர’வுக்குக் கால் இல்லை. நான் சரியாகப் படித்தேன். வண்டிதான் தப்பான இடத்துக்குப் போனது.’

அதில் வந்த ‘ர’ ஒவ்வொன்றின் காலும் அடுத்த வரிவரைக்கும் இறங்கியிருந்தது. கீழே தன் முழுப் பெயரையும் கையெழுத்தாகப் போட்டாள். அதையே இன்னொரு தாளிலும் எழுதி, முத்திரை குத்தித் தரச் சொன்னாள். துணி வெளுக்கிற இடத்து அதிகாரியிடம் காட்ட வேண்டுமாம். சாக்கு இல்லை, சரக்கு என்று அவருக்குத் தெரிய வேண்டும் என்றாள். நான் இருப்பதிலேயே பெரிய முத்திரையை எடுத்து அழுத்திக் குத்தினேன்.

வெளியே ரம்பம் சரக்கு வண்டியின் முன்கம்பியில் ஏறி நின்று, துணிப்பையிலிருந்து ஒரு கட்டையை எடுத்து ‘ர’வுக்கு அடியில் வைத்து ஆணி அடித்துக்கொண்டிருந்தான். எழுத்துக்காரி புதிதாக வரைந்த கால். குச்சி இல்லை, கோடரி வாய் மாதிரி அகலமாக, பலகையின் சட்டத்துக்கு வெளியே துருத்திக்கொண்டு நின்றது. அழகு கொஞ்சம் கெட்டுப்போனது உண்மைதான். எழுத்துக்காரி தூரத்தில் நின்று, இன்னும் கீழே, இன்னும் கீழே என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அக்கா இறங்கி வந்தாள். நான் வழக்கம்போல இடது பக்கம் என்று வாயெடுத்தேன்.

“நீங்க சொல்லாதீங்க” என்றாள்.

இரண்டு வண்டிக்கும் நடுவில் நின்று நிமிர்ந்து பார்த்தாள். சரக்கு என்று படித்தாள். அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனாள். சாக்கு என்று படித்தாள். ஏறுவதற்கு முன்னால் எழுத்துக்காரியின் முந்தானையில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டாள். பிறகு ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கண்டக்டர் வந்து, கிடங்கா என்று கேட்டது எனக்குக் கேட்டது.

“சாக்குக் கிடங்கு. முழுசாச் சொல்லிக் கேளுங்க.”

வேலை கிடைத்ததா இல்லையா என்பது சாயங்காலம்தான் தெரியும். முதலாளி என்ன சொல்வார் என்பது நாளைய பாடு. சரக்கு வண்டி அன்று பன்னிரண்டு நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. பதிவேட்டில் காரணம் என்ற கட்டத்தில் இத்தனை வருடமாக நான் எழுதியதெல்லாம் பஞ்சர், மழை, கூட்டம் இந்த மூன்றுதான். அன்று, ‘ர’வுக்குக் கால் வைத்தது என்று எழுதினேன். எழுதிவிட்டு, புள்ளியெல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஒரு தடவை படித்துப் பார்த்தேன்.